இடது சொக்ஸுக்குள் தைத்த குதி

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் எந்தத் தளத்துக்குப் போனாலும் வீட்டுக் கதவுக்கு முன்னால் செருப்புகள் வரிசையாகக் கிடக்கும். உள்ளே எத்தனை பேர், யார் விருந்தாளி, யார் அவசரத்தில் வந்தவர் என்று அவற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம். மற்றவர்களுக்கு அது ஒரு விஷயமே அல்ல. காலை ஒரு உதறு உதறிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். எனக்கு அந்த வாசல்தான் கொழும்பிலேயே கஷ்டமான இடம். இருபத்தேழு வயதில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. அன்றிலிருந்து நான் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வலிக்காமல், யாரும் என்னைப் பார்க்காமல், ஒரு வீட்டுக்குள் நடந்து போக வேண்டும். அவ்வளவுதான்.

கால் போன கதை சின்னக் கதை. கொட்டாஞ்சேனையில் இரண்டு தனியார் பஸ்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. நான் இறங்கி முடிப்பதற்குள் ஒன்று புறப்பட்டுவிட்டது, மற்றது பின்னால் வந்தது. கேட்பவர்கள் எல்லாரும் யுத்தத்தில் போனதா என்றுதான் முதலில் கேட்பார்கள். பஸ் என்று சொன்னதும் அவர்கள் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரியும். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

எனக்கு முதல் கால் செய்து தந்தவர் கொழும்பு முகத்துவாரத்துக்காரர். அதற்கு முன் மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் அடித்தவர். கால் செய்யும் இடத்தில் அவரைக் கண்டதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. "படகு தண்ணி உள்ளுக்கு விடாட்டிக் காணும், கால் வேற தம்பி, அது வலியை உள்ளுக்கு விடக்கூடாது" என்று அவரே சொன்னார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார்.

"அடுத்த முறை வரேக்குள்ள நீங்க ஒவ்வொரு நாளும் போடுற சப்பாத்தைக் கொண்டு வாங்கோ. அந்தக் குதியின்ர உயரத்துக்குத்தான் காலை நிமிர்த்தி வைப்பன்."

இங்கேதான் நான் பிழை விட்டேன். நான் ஆள் கட்டை. கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியின் கந்தோரில் மேசை வேலை. அங்கே இருந்தவர்கள் எல்லாரும் தென்னை மரங்கள். அவர்களுக்கு நடுவில் நிற்பதற்கென்றே ஒன்றரை அங்குலக் குதி வைத்த கறுப்புச் சப்பாத்து ஒரு சோடி வைத்திருந்தேன். அதை மினுக்கி எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதைத் தூக்கி, பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தார்.

"இதையோ ஒவ்வொரு நாளும் போடுறனீங்கள்?"

"ஓம்."

"வீட்டுக்குள்ள?"

"வீட்டுக்குள்ள கழட்டிப்போட்டுத்தான் இருப்பன்" என்றேன், ஏதோ பெரிய சாமர்த்தியம் போல. அவர் சப்பாத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

பிறந்த கால் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும். குதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணுக்கால் தானே பார்த்து வளைந்துகொடுக்கும். செய்த காலுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. சப்பாத்தோடு நின்றால் அது நிமிர்ந்து நிற்கும். சப்பாத்தைக் கழற்றினால் குதி ஒன்றரை அங்குலம் கீழே இறங்க, கால் முழுவதும் பின்னுக்குச் சாயும். முழங்கால் பின்பக்கம் இழுபடும். கீழே மிச்சமாக இருக்கும் துண்டின் எலும்பு நுனி, அது இறங்கியிருக்கும் கிண்ணத்தின் முன் சுவரில் போய் முட்டும். அந்தத் துண்டை நான் மிச்சம் என்றுதான் சொல்வேன். சமமான தரையில் நடப்பதே மேட்டில் ஏறுவது போல இருக்கும். கந்தோரில் நான் ராசா. ஒரு வீட்டு வாசலுக்கு வந்தால் பிச்சைக்காரன்.

இதோடுதான் பெண் பார்க்கப் போனேன். என் சித்திதான் பேசிவிட்டு வந்திருந்தார்.

"கால் விஷயம் எல்லாம் சொல்லிப்போட்டன். அவைக்குப் பரவாயில்லையாம். நீ அங்க போய் வாயைத் திறக்காமல் இருந்தாக் காணும்."

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வீடு. வாசலில் பத்துப் பன்னிரண்டு சோடிச் செருப்பு. சிவப்புச் சீமெந்துத் தரை, மெழுகு போட்டு முகம் தெரியுமளவுக்குத் தேய்த்து வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா வாசலுக்கே வந்து, "பரவாயில்லை தம்பி, நீங்க சப்பாத்தோடயே வாங்கோ" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பரவாயில்லையைப் போல என்னை எரித்த சொல் உலகத்தில் வேறு இல்லை. கோயிலில், செத்த வீட்டில், சிநேகிதனின் வீட்டில், எங்கு போனாலும் அது எனக்கு முன்னால் வந்து நிற்கும். நானும் பதிலுக்கு ஒரு பரவாயில்லை சொல்லிவிட்டு, படியில் குந்தி, சப்பாத்தைக் கழற்றினேன். உயிரில்லாத காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றுவது லேசான வேலை அல்ல. விரல் மடங்காது, குதி தூக்கித் தராது. மாப்பிள்ளை படியில் இருந்து தன் காலோடு மல்லுக்கட்டுவதை வீடு முழுவதும் பார்த்தது.

கதிரைக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். மெழுகுத் தரையில் சொக்ஸ் வழுக்க, கால் பின்னுக்குத் தள்ள, ஐந்தாவது அடியில் நான் கண்ணாடி அலுமாரியைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே இருந்த பீங்கான் நாய்களும் பொம்மைகளும் கடகடவென்று ஆடின. நல்ல மனிதர்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் யன்னலைப் பார்த்தார்கள்.

ஒருத்தி மட்டும் பார்க்கவில்லை. தேத்தண்ணித் தட்டத்தோடு நின்ற அந்தப் பெண் என் இடது காலின் குதியையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க நாணப்பட்டு நிலத்தைப் பார்த்தால் சரி. இவள் கடையில் சாமான் பார்ப்பது போலக் குனிந்து பார்க்கிறாள். சரிவராது என்று அப்போதே முடிவு கட்டினேன். தேத்தண்ணியைக் குடித்த வேகத்தில் நாக்கும் வெந்தது.

போகும்போது படியில் இருந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். நான் மறந்துவிட்ட குடையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அந்தப் பக்கம் குதி உயரம் காணாது, என்ன?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் பள்ளிக்கூடத்தில தையல் படிப்பிக்கிறனான். விளிம்பு ஒரு பக்கம் தூக்கி நிண்டா எனக்கு விளங்கும்."

அதுவரை என் காலைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஐயோ என்று பார்த்தார்கள், அல்லது பாராமல் பார்த்தார்கள். அதில் என்ன பிழை என்று பார்த்தவள் இவள் ஒருத்திதான். கொட்டாஞ்சேனைக்குத் திரும்பிப் போகும் பஸ்ஸிலேயே எனக்குச் சம்மதம் என்று சித்தியிடம் சொல்லிவிட்டேன். "வாயைத் திறக்காதே எண்டது நல்லதாப் போச்சு" என்றார் சித்தி.

கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன வீட்டில் குடித்தனம் தொடங்கினோம். கல்யாணமாகி ஒரு மாதம் இருக்கும். நான் கந்தோரால் வந்தபோது மேசையில் ஒரு சொக்ஸ் இருந்தது. இடது காலுக்கு மட்டும். உள்ளே குதிப் பக்கத்தில் ஏதோ தடிப்பாகத் தைத்திருந்தது. பழைய ரப்பர் செருப்பை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, முன்பக்கம் போகப் போக மெல்லியதாகச் சீவி, துணியில் பொதிந்து வைத்துத் தைத்த ஒரு குதி. சப்பாத்தைக் கழற்றிவிட்டு அந்தச் சொக்ஸை மாட்டிப் பார்க்கச் சொன்னாள். எழுந்து நின்றேன். கால் நிமிர்ந்து நின்றது.

அறைக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். குசினிக்குள் போனேன். சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். அவள் கதவு நிலையில் சாய்ந்து, என் முகத்தைப் பாராமல் குதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் உள்பக்கம் சரியுது. கழட்டித் தாங்கோ" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு வகைச் சொக்ஸ். கந்தோருக்கு வெறும் சொக்ஸ், வீட்டுக்குக் குதி வைத்தது. யார் வீட்டுக்காவது போனால் குதி வைத்ததைத் தன் கைப்பையில் கொண்டு வருவாள். வாசலில் நான் படியில் இருந்து சப்பாத்தைக் கழற்றி அதை மாட்டும்வரை, எனக்கு முன்னால் நின்று சேலை மடிப்பைச் சரிசெய்வாள். வீட்டுக்காரர் வாங்கோ வாங்கோ என்பார்கள். அவள் ஒரு மடிப்பை மூன்று தரம் எடுப்பாள். எவ்வளவு அலங்காரக்காரி என்று என் சொந்தக்காரர்கள் கதைத்தது எனக்குத் தெரியும். அவள் கண்ணாடியே பாராதவள்.

ரப்பர் எங்கே கிடைக்கும் என்பதில் அவளுக்கு ஒரு தனி வழி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய அம்மா வீட்டுக்கு வெள்ளவத்தைக்குப் போவோம். பின்னேரத்தில் ரயில் பாதை ஓரமாக நடப்போம். பாதைக்கும் கடலுக்கும் நடுவில் அடுக்கியிருக்கும் கல்லுகளுக்குள் ஒற்றைச் செருப்புகள் கரையொதுங்கிக் கிடக்கும். எவ்வளவு கடலோடும் கல்லோடும் அடிபட்ட ரப்பரோ, அவ்வளவு மிருதுவாக இருக்கும் என்பாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல்லில் இறங்கி, ஒவ்வொன்றாக எடுத்து அமத்திப் பார்த்து, சரிவராததைத் திரும்பக் கடலுக்குள் எறிவாள். வடை தின்றுகொண்டு கடல் பார்க்க வந்த சனம் எங்களைப் பார்க்கும். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

"ரீச்சர் ஒராள் குப்பை பொறுக்குறா எண்டு உன்ர பிள்ளையள் கண்டா என்ன நினைக்கும்?"

"மனிசனுக்குக் கால் இல்லை, செருப்பு மட்டும் நிறைய வேணுமாம் எண்டு நினைக்கும்."

இப்போது நினைத்தால் என் வாழ்க்கையில் மிகவும் சந்தோசமான பின்னேரங்கள் அவைதான். அப்போது எனக்குத் தெரியவில்லை. கடற்காற்றில் மிச்சம் வேர்த்து ஈரமாகி, சொக்கெட்டுக்குள் சவுக் சவுக் என்று சத்தம் போடும். சொக்கெட் என்பது மிச்சம் போய் இருக்கும் கிண்ணம் போன்ற பகுதி. காலையில் இறுக்கமாக இருக்கும், பின்னேரம் மிச்சம் சுருங்கி லொடலொடக்கும். சித்திரை வெயிலில் தோல் உரிந்து, ரோஸ் நிறத்தில் கொப்புளம் போடும். அந்த நாட்களில் நான் மனிதனாக இருப்பதில்லை. குதி தடிப்பு, குதி மெல்லிசு, தையல் அழுத்துகிறது, ரப்பர் மணக்கிறது என்று எதையாவது பிடித்துக்கொண்டு எரிந்து விழுவேன். ஒருநாள் சொக்ஸைச் சுருட்டி எறிந்து, "உனக்கென்ன தெரியும், கால் போனது உனக்கோ?" என்று கத்தினேன்.

"கால் போனது உங்களுக்குத்தான். சொக்ஸ் தைக்கிறது நான்" என்று சொல்லி, எறிந்ததை எடுத்து, தையலைப் பிரிக்கத் தொடங்கினாள்.

இன்னொரு வேடிக்கையும் இருந்தது. இல்லாத காலின் சுண்டுவிரல் சில நாட்களில் தாங்க முடியாமல் கடிக்கும். எங்கே சொறிவது? கட்டிலில் கிடந்து துடிப்பேன். அவள் எழுந்துபோய், சுவரோரம் சாய்த்து வைத்த காலின் ரப்பர் சுண்டுவிரலை நகத்தால் சொறிவாள். "இங்கயோ? இன்னும் கொஞ்சம் கீழயோ?" என்பாள். சிரிக்காதீர்கள், கடி நின்றுவிடும். டொக்டர்மார் யாரிடமும் இதை நான் சொன்னதில்லை.

காலை மூன்று தரம் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் அதே முகத்துவாரத்துக்காரரிடம், அதே உயரக் குதி வைத்த சப்பாத்தோடுதான் போனேன். அவள் தையல் பெட்டியில் இரண்டு முடிச்சுப் போட்ட ஒரு சிவப்பு நூல் துண்டு எப்போதும் கிடக்கும். குதி வெட்டும்போது அதை வைத்துத்தான் அளப்பாள். எங்கே எடுத்த அளவு என்று நான் கேட்டதில்லை. தையல்காரிக்கு ஆயிரம் நூல்.

மூன்று வருடங்களுக்கு முன் அவள் போய்விட்டாள். நோய் வருத்தம் வந்து நாற்பது நாள் இருந்திருப்பாள். கடைசியாக ஆஸ்பத்திரியில் நான் கட்டிலைச் சுற்றி வந்தபோது, தலையணையில் இருந்து என் காலைப் பார்த்து, "குதி தேஞ்சு போச்சு" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

கொட்டாஞ்சேனை வீட்டை விட்டு, வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் இருக்கும் மகளிடம் வந்தேன். வரும்போது குதி வைத்த சொக்ஸ் ஒன்பது இருந்தன. ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. நானே ஒன்று தைத்துப் பார்த்தேன். சிவப்பு நூலால் அளந்துதான் வெட்டினேன், ஆனால் சீவத் தெரியவில்லை. இரண்டு நாளில் மிச்சத்தில் புண் வந்தது. கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதை நான் போடுவதில்லை. வீட்டுக்குள்ளேயே சப்பாத்தோடு திரியத் தொடங்கினேன். மகள் பார்த்துவிட்டு, "பரவாயில்லை அப்பா" என்றாள். அந்தச் சொல்லை என் பிள்ளையின் வாயில் கேட்டதோடு எனக்குப் போதும் என்றாகிவிட்டது. புதுக்கால் போடுவோம் என்றேன்.

கால் செய்யும் இடம் இப்போது அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. அளவெடுத்தவள் ஒரு சிங்களப் பெண்பிள்ளை. மிச்சத்தை இரண்டு கையாலும் மெதுவாக அமத்தி, "ரிதெனவாத அங்கிள்?" என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டாள். வலிக்கிறதா என்று இத்தனை பொறுமையாக என்னை யாரும் கேட்டு மூன்று வருடமாகியிருந்தது. நெஹ, நெஹ, இல்லை என்று தலையை ஆட்டினேன்.

சப்பாத்துக்கு வைக்கவா, வெறுங்காலுக்கு வைக்கவா என்று கேட்டாள். வெறுங்காலுக்கும் வைக்கலாமா என்று கேட்டேன். ஏன் முடியாது, திருகாணியைத் திருப்பிச் சரிவை மாற்றினால் சரி, பழைய கால்களிலும் முடிந்திருக்குமே என்றாள்.

முகத்துவாரத்துக்காரர் அன்று அங்கே இருந்தார். வேலையை விட்டு வருடங்களாகிவிட்டாலும் பொழுது போகாமல் வந்து, வாசலருகே ஒரு கதிரையில் இருப்பாராம். அவரிடம் போய் நின்றேன். பையில் இருந்த கடைசிச் சொக்ஸை எடுத்துக் காட்டினேன். இதைத் தைத்தவள் செத்துப்போனாள் என்றேன். இவ்வளவு காலமும் வெறுங்காலுக்கு மாற்றலாம் என்று ஏன் எனக்குச் சொல்லவில்லை என்றும் கேட்டேன். கொஞ்சம் சூடாகத்தான் கேட்டேன்.

அவர் சொக்ஸை வாங்கிக் குதியை விரலால் அமத்திப் பார்த்தார்.

"உங்கட மிஸிஸுக்குச் சொன்னனான்."

"எப்ப?"

"நீங்க கலியாணம் முடிச்ச புதுசில. தனிய வந்தவ. செருப்பில்லாமல் நடக்கிற மாதிரி மாத்த ஏலுமோ எண்டு கேட்டவ. ஏலும் எண்டனான். ஆனா பிறகு அவர் அந்த உயரச் சப்பாத்தைப் போட ஏலாது, போட்டா முன்னுக்குத் தள்ளி விழுத்தும் எண்டும் சொன்னனான். கொஞ்ச நேரம் யோசிச்சுக்கொண்டு இருந்தா. பிறகு, வேண்டாம் ஐயா, அவருக்கு அந்தச் சப்பாத்துப் போட விருப்பம் எண்டிட்டா."

அவர் சொக்ஸைத் திருப்பி, குதியின் உயரத்தை விரலால் அளந்தார்.

"குதி எவ்வளவு உயரம் எண்டு கேட்டா. சொன்னன். சிவப்பு நூல் ஒண்டில ரெண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டு போனவ. உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டவ."

திருகாணி ஒன்றைத் திருப்பியிருந்தால் தீர்ந்திருக்கும் வேலை. கந்தோரில் தென்னை மரங்களுக்கு நடுவில் நான் ஒன்றரை அங்குலம் உயர்ந்து நிற்பதற்காக, அவள் முப்பது வருடம் கல்லுக்குள் இறங்கிச் செருப்புப் பொறுக்கினாள். அதைத்தான் நான் மணக்கிறது என்று எறிந்தேன். அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நின்றபடியே அழுதேன். அவர் சொக்ஸை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டார்.

உள்ளே போய், வெறுங்காலுக்கு வை மகள் என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். இனி எந்தக் கந்தோர், எந்தச் சப்பாத்து.

புதுக்கால் லேசு. மிச்சத்துக்கு மேல் மிருதுவான ஒரு உறை போட்டு, உள்ளே இறக்கினால் டிக் டிக் என்று தானே பூட்டிக்கொள்ளும். கால் தந்த அன்று தொடர்மாடிக்கு வந்து, மகளின் வாசலில் மற்றச் செருப்புகளோடு என் செருப்பையும் கழற்றிவிட்டேன். யாரும் எனக்கு முன்னால் நின்று சேலை மடிப்பு எடுக்கவில்லை. தேவையும் இல்லை. உள்ளே நடந்தேன். வலிக்கவில்லை. மகள் ஃபோனில் கதைத்துக்கொண்டிருந்தாள், பேரப்பிள்ளை டிவி பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. நான் ஆசைப்பட்டது அப்படியே கிடைத்தது. போய்க் கதிரையில் இருந்தேன். வீடு வெறுமையாக இருந்தது.

அடுத்த நாள் காலையில் மகளும் பிள்ளையும் வெளிக்கிட்டுப் போனபின், அந்தக் கடைசிச் சொக்ஸை எடுத்துப் புதுக்காலில் மாட்டினேன். எழுந்து நின்றபோது கால் முன்னுக்குத் தள்ளியது. அவர் சொன்னது போலத்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு யன்னல் வரை போனேன். அங்கிருந்து பார்த்தால் ரயில் பாதையும் கல்லும் தெரியும். கொஞ்ச நேரத்தில் முழங்கால் வலிக்கத் தொடங்கியது. பின்னேரம் மகள் வரும் வரைக்கும் நான் அதைக் கழற்றவில்லை.